காத்திருக்கும் ஊர்தி: நெடும்பயணத்திடையே காட்டில் இறங்கி நடக்கும் வழக்கமும் பழனிமலைப் பாதைகளும்

ஆய்வுச் சுருக்கம்

நெடுந்தொலைவுப் பயணத்தின் இடையே ஊர்தியை நிறுத்திக் காட்டுக்குள் சிறிது தொலைவு நடந்து திரும்புவது இக்காலப் பயணிகளின் வழக்கம். இந்நடை பழந்தமிழர் வழிநடையின் தொடர்ச்சி அன்று; பயணி திரும்பும்வரை ஊர்தி காத்து நிற்கும் நிலை உருவான பின்னரே தோன்றியது என்பது இக்கட்டுரையின் வாதம். சங்கப் பாடல்களில் அமைந்த வழிநடைச் செய்திகளும், 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பழனிமலைத் தொடரில் நிகழ்ந்த பாதை மாற்றங்களும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வழிநடை, உமணர், ஆற்றுப்படை, பழனிமலை, கொடைக்கானல், மலைச்சாலை, வெள்ளகவி

முன்னுரை

தமிழகப் பயண வரலாற்றை ஆராய்ந்தோர் பெருவழி, சுங்கம், சத்திரம், வணிகக் குழு ஆகியவற்றுக்குத் தந்த கவனத்தைப் பயணத்தின் இடைநிறுத்தங்களுக்குத் தந்ததில்லை. சத்திரம் ஆராயப்பட்டதும் பெரும்பாலும் அறக்கொடை என்ற நோக்கிலேயே ஆகும். வழியில் ஒருவர் எங்கே நின்றார், ஏன் நின்றார், நின்றபின் என்ன செய்தார் என்னும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றுவதே இதற்குக் காரணமாகலாம்.

அச்சிறு வினாக்களுள் ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இன்று மலைச்சாலையில் மகிழுந்தில் செல்வோர் ஓரிடத்தில் இறங்கி, மரத்துப்போன கால்களை நீட்டி, மரங்களிடையே அரைமணி நேரம் நடந்து, மீண்டும் ஊர்தியில் ஏறிக்கொள்கின்றனர். இச்செயல் இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆயின் அதன் அமைப்பை நோக்கினால் ஒரு தனித்தன்மை புலப்படும். வழிநடை என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வது. இந்நடையோ புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. நின்றிருக்கும் ஊர்தியே இதன் தொடக்கம். அதுவே இதன் முடிவும். இவ்வாறு சென்று திரும்பும் நடை தமிழ்நிலத்தில் எப்போது, எவருக்கு வாய்த்தது?

சங்கப் பாடல்களில் வண்டியும் நடையும்

நெடுவழி வண்டிப் பயணம் பற்றிய பழந்தமிழ்ச் செய்திகளுள் செறிவானவை உமணரைப் பற்றியன. பெரும்பாணாற்றுப்படை உப்பு வண்டிகளின் வரிசையை நுணுக்கமாகக் காட்டுகிறது. கைக்குழந்தையை உடைய பெண் வண்டியின் முன்புறம் அமர்ந்து எருதுகளை ஓட்டுகிறாள். வண்டியில் ஊறுகாய்ப் பானை கட்டப்பட்டிருக்கிறது. வேப்பந்தழை மாலை அணிந்த வலிய தோளினர், வண்டி வரிசையைக் காத்துப் பக்கத்தில் வருகின்றனர். பெண்ணும் குழந்தையும் வண்டியில், ஆடவர் தரையில் என்னும் இப்பகுப்பு நம் வினாவுக்கு இன்றியமையாதது. இங்கு நடத்தல் என்பது பயணத்தை இடைமுறிக்கும் ஓய்வு அன்று. பயண வேலையின் ஒரு கூறு.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், இளைய எருதுகள் பூட்டிய பாரம் மிகுந்த வண்டி மேடு பள்ளங்களில் என்ன ஆகுமோ என்று உமணர் முன்னெச்சரிக்கையாகக் கட்டிச் செல்லும் சேம அச்சை உவமையாக்குகிறார். அச்சு முறியக்கூடிய வழியில், எருதுகளின் பாரத்தைக் குறைப்பது வண்டியோட்டியின் முதற்கடமை. ஏற்றம் வந்தால் வண்டியில் இருப்போர் இறங்கி நடப்பது மாட்டுவண்டிக் காலம் முழுவதும் நிலவிய நடைமுறை. அவ்வாறு இறங்கியவர்கள் மாட்டின் பொருட்டு இறங்கினார்கள், தங்கள் பொருட்டு அன்று. வண்டியும் அவர்களுக்காக நின்றதில்லை. ஏற்றத்தின் நடுவே நிறுத்தினால் மீண்டும் இழுப்பது அரிது. அவர்கள் அதனோடு அல்லது அதன்பின் நடந்தனர்.

ஆற்றுப்படைகளில் ஓய்வு உண்டு. பொருநராற்றுப்படையில் கலைஞர் குழு யானைகள் இயங்கும் காட்டில் தங்குகிறது. இலையற்ற மரா மரத்தின் வலை விரித்தாற்போன்ற மெல்லிய நிழலில் இளைப்பாறி, காட்டில் உறையும் தெய்வத்துக்குச் செய்யவேண்டிய கடனைச் செய்கிறது. சிறுபாணாற்றுப்படையில் பாலை வழியின் தொடக்கத்தில் மராமரத்தின் வரிநிழலில் விறலியர் அமர, இளையோர் அவர்களுடைய நடந்து நொந்த அடிகளை வருடுகின்றனர். இவ்விரு காட்சிகளும் அழகானவை. ஆனால் ஓய்வு என்பது இங்கே நடையை நிறுத்துதல். நடப்பவருக்கு நடை ஓய்வாகாது. வெளிப்படையான இவ்வுண்மையைச் சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. பழந்தமிழர் காட்டு நடையை விரும்பி மேற்கொண்டனர் என்று ஆற்றுப்படைகளைக் காட்டி எழுதும் போக்கு பொதுக்கட்டுரைகளில் மட்டுமன்றிக் கருத்தரங்கக் கோவைகளிலும் காணப்படுகிறது. மலைபடுகடாம் அதற்கு இடந்தருவதில்லை. விலங்குகளுக்கு வைத்த அடார்ப் பொறி, பாம்பு, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல், பாசி படர்ந்து வழுக்கும் பாறை என அந்நூல் அடுக்கும் எச்சரிக்கைகள், காட்டு வழியை விரைந்து கடக்கவேண்டிய இடமாகவே காட்டுகின்றன. இரவு வந்தால் வீட்டினுள் புகுவதுபோலக் கற்குகையில் தங்குக என்று கூத்தர்க்கு அது அறிவுறுத்துகிறது. மலையின் வளத்தையும் ஓசைகளையும் அது வியந்து பாடுவது உண்மையே. அவ்வியப்பு வழிகாட்டுவோன் கூற்றில் அமைவது, பயணத்தை நிறுத்தி மேற்கொண்ட நடையின் பயன் அன்று.

ஊர்தி நிற்கும் காட்சி சங்கப் பாடல்களில் அறவே இல்லையா என்னும் தடை எழலாம். உண்டு. நெய்தற் பாடல்களில் தலைவனின் தேர் கானற்சோலையருகே நிற்பதுண்டு. அவன் இறங்கி நடப்பது தலைவியை நாடி. முல்லையில் காடு வழியே மீளும் தலைவன் தேரை நிறுத்துவதில்லை. அகநானூற்றின் 4ஆம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூவில் தாதுண்ணும் வண்டுகள் வெருவாதபடி தேர் மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். காட்டின்பால் அத்தகைய பரிவு உடையவனும் இறங்கவில்லை. அவன் விரைவது வீட்டுக்கு. தமிழ் மரபில் காட்டிடையே ஊர்தியை விட்டு இறங்கியவருள் புகழ்பெற்றவன் பாரி. முல்லைக் கொடிக்குத் தேரை ஈந்தவன் எப்படி ஊர் திரும்பினான் என்று அக்கொடையைப் போற்றும் புறப்பாடல்களும் சிறுபாணாற்றுப்படையும் கூறவில்லை. நடந்துதான் திரும்பியிருக்க வேண்டும். அந்நடையில் புலவர்க்கு அக்கறை இல்லை.

தாவளமும் சாலை நிழலும்

இடைக்காலச் சான்றுகளில் நிறுத்தம் என்பது நிறுவனமாகிவிடுகிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளம் என்னும் இடத்துக்குரிய தொலைவை 29 காதம் எனக் குறிக்கிறது. எழுத்தறியாதாரும் அறியும்படி 2 பெருங்குழிகளும் 9 சிறுகுழிகளும் அதில் வெட்டப்பட்டுள்ளன. தாவளம் என்பது வணிகர் தங்குமிடம். ஆக, வழியின் நீளமே தங்குமிடத்தை நோக்கி அளக்கப்பட்டது. மதுரை நாயக்கர் ஆட்சியில் இராணி மங்கம்மாளின் காலத்தில் (1689–1706) அமைந்தனவாகச் சொல்லப்படும் சாலைகளும் சத்திரங்களும், ஊர்ப்புறங்களில் இன்றும் நிற்கும் சுமைதாங்கிக் கற்களும் ஒரே தேவையை நிறைவுசெய்தன: நடப்பவர் நடையை நிறுத்த, சுமப்பவர் சுமையை இறக்க. சாலையோர மரங்களும் காட்டுக்கு மாற்றாக, அச்சமற்ற நிழலாக நடப்பட்டவையே. இப்பகுதியில் நமக்குரிய சான்று இவ்வளவே.

பழனிமலை: வண்டி நின்ற இடம்

மாற்றத்தைத் தெளிவாகக் காணத்தக்க இடம் பழனிமலைத் தொடர். 1821இல் பி. எஸ். வார்டு என்னும் படையதிகாரி இம்மலையை நில அளவை செய்தபோது வெள்ளகவி என்னும் மலையூரைத் தம் தங்குமிடமாகக் கொண்டார். பெரியகுளம், கும்பக்கரை, வெள்ளகவி, வட்டக்கானல் என ஏறும் பாதை அப்போதே இருந்தது. அது மலைமக்கள் சமவெளிச் சந்தைக்கு வந்துபோன பாதை. சமவெளியின் காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் அஞ்சிய அமெரிக்க மதுரை மறைத்தளத்தார் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அதன்பின் கோடைதோறும் ஐரோப்பியக் குடும்பங்கள் மலையேறலாயின.

அவர்கள் பயணத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. 1875இல் மதுரையை எட்டிய இருப்புப்பாதை, அவர்களை அம்மையநாயக்கனூரில், இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தில், இறக்கிவிட்டது. அங்கிருந்து மாட்டுவண்டி. பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு என்னுமிடத்தில் வண்டிப்பாதை முடிந்தது. மேலே ஏறத்தாழ 12 மைல் ஒற்றையடிப்பாதை. அதில் குதிரையில் ஏறலாம், நாற்காலியில் அமர்ந்து சுமக்கப்படலாம், நடக்கலாம். பெட்டி, படுக்கை, பாத்திரம், சில வேளைகளில் இசைக்கருவி உட்பட அனைத்தும் மனிதர் தலையிலும் தோளிலும் சென்றன. ஆங்கிலேயர் இவ்வழியைக் ‘கூலி காட்’ என்றே அழைத்தனர். பாதைக்கு அதைச் சமைத்தவர் பெயரோ ஊர்ப்பெயரோ இடாமல், அதில் சுமை தூக்கியவரின் கூலியைப் பெயராக இட்டது ஒருவகையில் நேர்மையான செயலே.

இப்பாதையில் ஒரே நேரத்தில் மூவகை நடை நிகழ்ந்தது. சுமையோடு நடந்தவருக்கு அது தொழில். குதிரைக்கோ நாற்காலிக்கோ பணம் தர இயலாமல் நடந்த பணியாளருக்கு அது வேறு வழியின்மை. நாற்காலியில் வந்தவரோ விரும்பிய இடத்தில் இறங்கி, சோலையின் குளிர்ச்சியில் சிறிது நடந்து, களைத்தபோது மீண்டும் ஏறிக்கொள்ளலாம். விரும்பி இறங்கும் நடை இங்கேதான் வாய்க்கிறது. நாற்காலி அவருக்காக நின்றதாலேயே வாய்க்கிறது. அங்கே காத்து நின்ற ஊர்தி மனிதத் தோள். நாற்காலிக்காரர் இறங்கி நடந்தபோது சுமப்பவர்க்கும் சற்று ஓய்வு கிடைத்திருக்கும். மாட்டுவண்டிப் பழக்கத்தின் நிழல் அங்கு உண்டு. எனினும் இறங்குவதும் ஏறுவதும் யாருடைய விருப்பம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

மலைமீது கட்டப்பட்ட நடைபாதை

மேலே சென்று சேர்ந்தபின் நடையின் பொருள் முற்றிலும் மாறியது. மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு 1863இல் ஓடைநீரைத் தடுத்து ஏரியை உருவாக்கினார். 1872இல் கோக்கர் என்னும் அதிகாரி மலைச்சரிவின் விளிம்பில் சுமார் 1 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதையை அமைத்தார். இப்பாதை எவ்வூருக்கும் போவதில்லை. சமவெளியை நோக்கியபடி நடந்து, வந்த இடத்துக்கே திரும்புவதற்கென்று அமைந்தது அது. கீழே 12 மைல் ஏற்றத்தைச் சுமையோடு கடப்பவர் ஒருபுறம். அதே மலையின் உச்சியில் நடப்பதற்காகவே நடக்க ஒரு சமதளப் பாதை மறுபுறம். இரண்டும் ஒரே காலத்தவை. உள்ளூர்ச் சுற்றுலா நூல்கள் கோக்கர் நடைபாதையைத் தனியே எடுத்துப் புகழ்கின்றன. கூலி காட்டோடு சேர்த்துப் பார்க்கும்போதே அதன் வரலாற்றுப் பொருள் விளங்கும். நடையை இன்பமாகக் கொள்ளும் மனநிலை, வேறொருவர் தம் நடையால் ஈட்டித்தந்த ஓய்வின்மேல் எழுந்தது.

சாலை வந்தபின்

மேஜர் லா என்பவர் 1870களில் அளந்து வகுத்த மலைச்சாலை, நீண்ட இடைவெளிக்குப் பின் 1914இல் நிறைவுற்றது. அவர் பெயராலேயே அது வழங்கியது. வத்தலக்குண்டிலிருந்து வளைந்தேறும் இச்சாலையால் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு பயணிகளின் வரைபடத்திலிருந்து மறைந்தது. சுமைகூலியை நம்பியிருந்த அடிவார ஊர்களுக்கு இது பேரிழப்பாக அமைந்திருக்கும். அவர்கள் தரப்புப் பதிவு நமக்கு எழுத்தில் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவை பெரும்பாலும் சுமக்கப்பட்டோரின் கடிதங்களும் நினைவுக்குறிப்புகளும்.

மோட்டார் ஊர்தி இடைநிறுத்தத்துக்குப் புதிய காரணங்களைத் தந்தது. ஏற்றத்தில் எந்திரம் கொதித்தது. நீர் ஊற்றி ஆறவிட வேண்டும். கொண்டையூசி வளைவுகளில் பயணிகளுக்குக் குமட்டல் எடுத்தது. இறங்கிக் காற்று வாங்க வேண்டும். மாட்டின் பொருட்டு இறங்கியவர்கள் இப்போது எந்திரத்தின் பொருட்டும் தம் வயிற்றின் பொருட்டும் இறங்கினர். ஆனால் மாட்டுவண்டியைப் போலன்றி மோட்டார் ஊர்தி நின்ற இடத்தில் நிற்கும்; தீனி கேட்காது; மீண்டும் ஏற்றத்தில் புறப்படவும் செய்யும். ஊத்து, பெருமாள்மலை போன்ற இடங்களில் பேருந்துகள் நின்றபோது பயணிகள் பெற்றது தேநீர்க்கடை நிறுத்தம். நடத்துநரின் ஊதலுக்குக் கட்டுப்பட்ட அந்த நிறுத்தத்தில் காட்டுக்குள் செல்ல நேரமில்லை. காட்டுக்குள் நடந்து திரும்பும் வாய்ப்பு, நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் சொந்த ஊர்திக்காரருக்கே கிடைத்தது. பேருந்துப் பயணிக்கும் மகிழுந்துப் பயணிக்கும் உள்ள இவ்வேறுபாடு இன்றும் மாறவில்லை.

ஊருக்குச் சுமார் 8 கிலோமீட்டர் முன்னே சாலையோரத்தில் விழும் வெள்ளி அருவி இத்தகைய நிறுத்தங்களுள் பெயர்பெற்றது. இயற்கையைக் காண இறங்குவோர் அங்கு காண்பது, லெவிஞ்சு தடுத்து நிறுத்திய ஏரியின் மிகுநீர்.

பழைய பாதைகளும் புதிய பொருள் பெற்றன. வட்டக்கானலில் ஊர்தியை நிறுத்திவிட்டு, மரவேர்கள் படிபோலப் பரந்த சரிவில் இறங்கி, டால்பின் மூக்கு என்னும் பாறைவரை சென்று மீளும் நடை இன்று பயணிகளிடையே மிகப் பரவலானது. அப்பாதை அப்பாறைக்காக உருவானதன்று. வெள்ளகவி வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் தொல்வழியின் தலைப்பகுதி அது. ஒரு நெடுவழியின் முதற்கூறு வெட்டியெடுக்கப்பட்டு, சென்று திரும்பும் நடையாகப் பயன்படுகிறது.

சட்டத்தின் முன் நடப்பவர்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடுகளில் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கியது. காட்டு வழியில் செல்வோரின் பழைய உரிமை, அரசு அனுமதிக்கும் சலுகையாயிற்று. இன்றைய பயணி எதிர்கொள்ளும் விதிகள் அதன் வழிவந்தவை. முதுமலை வழியே செல்லும் சாலையில் ஊர்தியை விட்டு இறங்கத் தடை உண்டு. சத்தியமங்கலம் காட்டிலுள்ள திம்பம் மலைச்சாலையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குச் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. 2013இல் கொடைக்கானல் காட்டுயிர்ப் புகலிடம் சுமார் 608 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் ஊர்திகளுக்கு மின்அனுமதிச் சீட்டு தேவைப்படுகிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ மலையேற்றக் குழுவினர் பலரைச் சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களில், இணையவழிப் பதிவும் வழிகாட்டியும் கட்டணமும் கொண்ட அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. பழங்குடியினரும் காட்டோர ஊரினரும் வழிகாட்டிகளாகப் பணியமர்த்தப்படுகின்றனர். இதனை மேலெழுந்தவாரியாகக் கூலி காட்டின் மறுபிறப்பு என்று சொல்லிவிடுவது பிழையாகும். அன்று மலைவாணரின் தோள் விலைபெற்றது; இன்று அவர்களுடைய வழியறிவு விலைபெறுகிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் முன்பதிவின்றிச் சாலையோரம் நிறுத்தி, தோன்றியபடி காட்டுக்குள் நுழையும் பயணிக்கு இவ்வமைப்பில் இடமில்லை. யானை வழித்தடங்களையும் கோடைத்தீயையும் எண்ணிப்பார்ப்போர் அதைக் குறையாகக் கொள்ளமாட்டார். இக்கட்டுரையாளர் கருத்தும் அதுவே.

வெள்ளகவி

1821இல் வார்டு தங்கிய வெள்ளகவிக்கு அண்மைக்காலம் வரை ஊர்திச் சாலை இல்லை. ஊருக்குள் காலணி அணியாத வழக்கம் அங்குப் போற்றப்படுகிறது. நோயாளிகளை டோலியில் கட்டி மலைப்பாதையில் சுமந்து செல்லவேண்டிய நிலை பலமுறை செய்தியாகியுள்ளது. சாலை வேண்டும் என்பது அவ்வூராரின் நெடுநாள் கோரிக்கை. பாதை இன்றுள்ளபடியே இருக்கவேண்டும் என்று விரும்பும் மலையேற்றப் பயணிகளும் உள்ளனர். அவர்களுடைய ஊர்தி வட்டக்கானலில் நிற்கிறது. டால்பின் மூக்கைத் தாண்டி அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்து இறங்கியவருக்கு அப்பாதை நடையின்பம் தருவதில்லை. மலைபடுகடாத்தின் கூத்தர்க்கு இருந்ததைப் போலக் கடந்தாகவேண்டிய வழி.

வெள்ளகவியைச் சாலை முழுமையாகச் சேரும்போது, 1914க்குப் பின் கூலி காட்டுக்கு நேர்ந்ததே இத்தொல்வழிக்கும் நேரக்கூடும்: ஊரார் அதைவிட்டு நீங்க, சென்று திரும்புவோர் மட்டும் அதில் எஞ்சுவர். அடிவார ஊர்களிலும் வெள்ளகவியிலும் முதியோர் நினைவில் உள்ள சுமைப்பயணச் செய்திகளை, இளைப்பாறிய கற்கள், நீர்ச்சுனைகள், கூலிக்கணக்கு, வழித்தெய்வங்கள் ஆகியவற்றின் பெயர்களோடு, அதற்குமுன் களஆய்வின் வழியே தொகுக்கவேண்டும். கடிதங்களிலும் நினைவுக்குறிப்புகளிலும் இடம்பெறாத நடையின் வரலாற்றுக்கு வேறு ஆவணம் இல்லை.